பந்தலில் கட்டின சுரைக்காய்

ஒரகடத்துல நான் கூட்டிப் பெருக்கற கம்பெனியில எல்லாத்துக்கும் ஒரு சார்ட்டு உண்டு. கக்கூஸ் கழுவினதுக்குச் சார்ட்டு, சோப்பு தீர்ந்ததுக்குச் சார்ட்டு. காய்கறிக்கும் ஒண்ணு வந்தப்போ நான் ஒண்ணும் அசந்துடல.

மெஷின் வந்த மரப்பெட்டிய உடைச்சு, கேன்டீனுக்குப் பின்னாடி முழங்கால் உசரத்துக்கு ஆறு மேட்டுப் பாத்தி கட்டினாங்க. சுத்தித் தரையில மஞ்சக் கோடு வேற. கத்திரிச் செடி இன்னா, கோட்டைத் தாண்டி ஓடிடவா போவுது? பாத்துக்கற வேலை என் தலையில விழுந்துச்சு. காண்ட்ராக்ட்டு ஆளுங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் கேட் பாஸைப் புதுப்பிக்கணும். அதுல கையெழுத்துப் போடற சூப்பர்வைசர் சார்தான் தோட்டத்துக்கும் பெரிய ஆளு. அவரு பேனா அசைஞ்சாத்தான் என் வூட்ல அடுப்பு எரியும்.

சாருக்குக் கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா ஸ்கேலை எடுத்துக்கினு வந்து வெண்டைக்கும் வெண்டைக்கும் நடுவுல அளப்பாரு. அரை இஞ்ச் தள்ளியிருந்தா பிடுங்கி நடணும்.

சுரைக்கொடி பந்தல் ஏறி வெள்ளையா பூத்துச்சு. சாயந்திரம் ஷிப்ட் மாறற நேரம் சார் வந்து உத்து உத்துப் பார்த்தாரு.

"இந்தப் பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கு. மத்ததுல வெறும் காம்புதான். காய்க்காத பூ எதுக்கும்மா? கிள்ளிப் போடு."

"சார், அது ஆம்பளைப் பூ. அது இல்லாட்டிப் பிஞ்சு நிக்காது சார்."

சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு! வர்றவன் போறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிச்சாரு. "லைன்ல சும்மா நிக்கற ஆளை வெச்சுக்குவோமா? அது மாதிரிதான்"னுட்டு, சார்ட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டாரு: காய்க்காத பூ நீக்கம், தினமும். வல்லக்கோட்டையில என் வூட்டு ஓட்டு மேல தானா காய்ச்சுத் தொங்குது சுரைக்கா, எனக்குப் பாடம் எடுக்கறாரு. தினமும் கிள்ளினேன், டிக் போட்டேன். பிஞ்செல்லாம் விரல் நீளத்துலயே மஞ்சளாயி கொட்டிப்போச்சு.

தலைமை ஆபீஸ் மேடம் தோட்டம் பாக்க வர்றாங்கன்னு சேதி வந்ததும் சாருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "நீ ஒழுங்கா தண்ணி ஊத்தல. மேடம் ஏதாவது சொல்லட்டும், உன் பாஸுல கையெழுத்துக் கிடையாது"ன்னாரு. மறுநாள் படப்பை மார்க்கெட்டுல வாங்கின ஆறு சுரைக்காயும் பச்சைக் கயிறும் கொண்டாந்து, "பந்தல்ல கட்டு"ன்னாரு. அடச்சே, இதுக்குத்தான் இன்ஜினியரிங் படிச்சாரா? கட்டினேன். வெட்டின காம்பு தெரியாம இலையை இழுத்து மூடினேன்.

மேடம் வந்தாங்க. எல்லாரும் சுரைக்காய்க்குக் கை தட்டினாங்க. மேடம் மட்டும் ஒரு காயைத் தடவிப் பார்த்தாங்க. சாரை விட்டுட்டு என் பக்கம் திரும்பி, "இந்தக் கயிறு எதுக்கும்மா?"ன்னாங்க.

அந்தாளு மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஒரு வார்த்தை சொன்னா போதும், மானம் கப்பலேறிடும். எவ்ளோ நாளா காத்துக்கினு இருந்தேன் அதுக்கு! என் கழுத்துல தொங்கற பாஸு இன்னும் நாலு நாள்ல முடியுது.

"காய் கனம் தாங்காது மேடம். அதான் முட்டுக் குடுத்துக் கட்டினேன்."

மேடம் என்னைப் பாராட்டிட்டுப் போனாங்க. எனக்குப் பாஸு வந்துச்சு, சாருக்குப் பரிசு வந்துச்சு.

அடுத்த வாரம் சார்ட்டைத் தூக்கிக்கினு வந்தாரு. மகசூல் ஆறு காய்னு எழுதி வெச்சிருந்தாரு. "பாத்தியா, நம்ம முறைதான் சரி. நீ என்னவோ ஆம்பளைப் பூ, அது இதுன்னே"ன்னாரு. கிண்டல் இல்ல, அந்தாளு நெசமாவே நம்பறாரு! வூட்டுக்குப் போயி சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்னு பார்த்தேன், சிரிப்பு வரல. அந்த ஆறையும் காய்க்க வெச்சது என் வாயிதானே. தூ!

பந்தல்ல புதுசா நாலு பூ விரிஞ்சிருந்துச்சு. நாலும் வெறும் காம்பு.

"சரி சார்"னு கிள்ளிப் போட்டுட்டு டிக் போட்டேன்.