பீரோவைப் பூட்டிய பிறகு

வகுப்பறைக்குக் கோபமான அப்பா வருவார், ஆய்வுக்கு அதிகாரி வருவார். ஆனால் புகாரோடு ஒரு கிடாயும் வரும் என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பரளச்சிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். அருப்புக்கோட்டையில் கடை கடையாக ஏறிச் சேர்த்த கதைப் புத்தகங்களைத் வகுப்பறையில் துணி காயப்போடுவது போலக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன்; பிள்ளைகள் வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். ஒருநாள் காலை, என் வகுப்பில் படிக்கும் தர்ஷினியின் அப்பா முனியசாமி கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இதுல ஆட்டுக்கதை எது சார்?"

சந்தைக்குப் போகும் வழியில் தப்பித்து ஓடும் ஆட்டின் கதையைக் காட்டினேன்.

"கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கிடா சார் இது. அடுத்த மாசம் திருவிழா. எம்மக வெட்டக் கூடாதுன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுக்குது. இந்தப் புஸ்தகத்த எடுத்துருங்க."

"கதைதானங்க?"

"கதையில ஆடு பேசுது. எங்க வீட்டுல ஆட்டுக்கும் சேத்து எம்மக பேசுது."

தலைமையாசிரியைக்கு எப்போதும் முன்யோசனை அதிகம். "எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டிருங்க சார். இன்னைக்கு ஆடு. நாளைக்குக் கோழிக் கதைக்கு ஒருத்தரு வருவாரு" என்றார். பூட்டினேன். அரசுப் பள்ளியில் ஒருமுறை பூட்டிய பீரோ லேசில் திறக்காது.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பை உதற வேண்டும். அதுதான் சாமி உத்தரவு. உதறாவிட்டால் வெட்டக் கூடாது. பூசாரி தெளித்தார். பிறகு செம்போடு ஊற்றினார். கடைசியில் ஒரு குடத்தையே கவிழ்த்தார். கிடாய் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

"சாமி இத வேண்டாங்குது" என்றார் பூசாரி.

பங்காளி வீட்டுக் கிடாய்க்கு ஒரு சொட்டே போதுமாக இருந்தது, உதறிவிட்டது. கறிச்சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனாலும் பழி புத்தகத்தின் மேல் விழுமே என்று பயமாகவே இருந்தது.

பயந்தபடியே மறுநாள் முனியசாமி மகளோடு வந்தார். "நீயே சாருட்ட சொல்லு" என்றார்.

தர்ஷினி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பள்ளிக்கூடம் விட்டுப் போனா வாசிக்க ஒண்ணுமில்ல சார். அதான் பாத்திரம் கழுவுன தண்ணிய தெனமும் கிடா மேல ஊத்துனேன். மொதல்ல உதறுச்சு. அப்புறம் பழகிருச்சு."

"இந்த யோசன எந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்?" என்றார் முனியசாமி.

"எதுலயும் இல்லங்க. எல்லாம் பூட்டித்தான கெடந்துச்சு."

அவர் பீரோவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கிடாய விடுங்க, சாமியே வேண்டாம்னுருச்சு. மொதல்ல பீரோவத் தொறங்க சார். இந்தப் புள்ள வாசிச்சுக்கிட்டே கெடக்கட்டும்."

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை சாவியை நீட்டினார்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் வந்தால் சண்டை போடாதீர்கள். புத்தகம் இல்லாத நேரத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்யும் என்று மட்டும் கேளுங்கள்.