ஞாயிற்றுக்கிழமை நெய்மீன்

வியாகுலம்மாளின் சாப்பாட்டுக் கடைக்குச் சுவர் கிடையாது, தரையும் கிடையாது. குழித்துறை ஆறு தேங்காய்பட்டணத்தில் கடலைத் தொடுவதற்கு ஒரு மைல் மேலே, ஆறு அகன்று கணுக்கால் அளவுக்கு ஓடும் இடத்தில், மணலில் பாதி புதைந்த கல்தூண்கள் நிற்கின்றன. எங்கோ மதில் இடித்தபோது கழித்துப் போட்ட தூண்கள். குட்டையானவை இருக்கை, உயரமானவை மேசை. முதலில் பிளாஸ்டிக் நாற்காலிதான் போட்டிருந்தாள். ஒரு நாள் கடல் ஏறியபோது நான்கு நாற்காலிகள் மிதந்து கிளம்பிப் போயின. ஒன்றில் யாருடையதோ கைப்பையும் இருந்தது. அன்றோடு கல்.

வருகிறவர்கள் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, தண்ணீருக்குள் கால்வைத்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொடிமீன்கள் கால்விரலைக் கொத்தும். கடல் ஏறி ஆற்றை மேலே தள்ளும்போது தண்ணீர் முழங்காலைத் தொடும்; அப்போது இலையில் பாதிச் சோறு இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடாது. காலையில் இனயம் கடற்கரையில் அவள் புருஷன் கிளீட்டஸின் வள்ளம் எதைக் கொண்டுவந்ததோ அது. அவள் சமையலைப் பற்றி மிகையாகச் சொல்வதற்கில்லை. புளி எப்போதும் ஒரு பிடி தூக்கல். ஆனால் மீன் அன்றைய மீன்.

கடைக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அவள் தலைச்சுமையாக மீன் விற்றவள். இனயத்திலிருந்து கருங்கல் பக்கத்து ஊர்களுக்குப் போவாள். மீன் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருக்கும். முழங்கால் தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போனபோது ஆற்றங்கரைத் தோப்பில் அடுப்பு மூட்டினாள். இப்போது அதே ஊர்க்காரர்கள் காரில் வந்து இறங்கி, "அம்மா, இடம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பணிவு அவளைச் சந்தோஷப்படுத்தவில்லை. கொஞ்சம் கோபப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இனயத்துக் கரையில் வள்ளம் இறங்காது. பூசைக்குப் போவார்கள், வலையை உலர்த்துவார்கள், தூங்குவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், கருவாட்டை அரைத்த சம்மந்தியும், பயறும், பால் விடாத கட்டன் சாயாவும்தான். டவுன்காரர்களுக்கோ ஞாயிறுதான் ஓய்வு. வந்து நின்று, "மீன் கடையில மீன் இல்லையா?" என்று சிரிப்பார்கள். கடலில் போகிறவனுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

அவள் மகன் பெனின், பஹ்ரைனில் ஹோட்டலில் இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவன். போனும் முன்பதிவும் அவன் கையில். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டி நிறைய நெய்மீனைக் கண்டாள்; வெளியூரில் வஞ்சிரம் என்பார்கள். மேலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது, கரையில் இப்போதுதான் இழுத்துப் போட்டதுபோல.

"இது எங்கேருந்துலே?"

"நம்ம கரையிலேருந்துதாம்மா. நேத்து போன வள்ளம், இப்பந்தான் வந்திச்சு."

"எந்த வள்ளம்? பேரச் சொல்லு."

"ஏதோ ஒரு வள்ளம். ஒனக்கு எல்லா வள்ளமும் தெரியுமா?"

"தெரியும்."

குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்த செங்கல் நிறம்; அன்றைய மீன் என்றால் ரத்தச் சிவப்பாக இருக்கும். பிறகு மேலே இருந்த மணலைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து வெயிலில் நீட்டினாள்.

"நம்ம கடக்கர மண்ணு கருப்பா மினுங்கும். இது வெளுத்து, பருபருன்னு கெடக்கு. நம்ம கடைக்குக் கீழ கெடக்கிய ஆத்து மண்ணு. நெய்மீன் எப்பம் மக்கா ஆத்துல ஏற ஆரம்பிச்சிது?"

பெனின் தலையைச் சொறிந்தான். "இஸ்ரவேல் அண்ணனுக்க ஐஸ் வண்டியில எடுத்தேன். வடசேரியிலேருந்து ஒம்பது பேரு வாறாவ. போன்ல பச்ச நெய்மீன் உண்டான்னு கேட்டாவ, உண்டுன்னுட்டேன். மரச்சீனி திங்கவா அவ்வளவு தூரம் வருவாவ?"

"மண்ணு எதுக்குலே போட்ட?"

 பெனினின் குரலில் குத்தல் இருந்தது.

"அது ஒங்கிட்டப் படிச்சதுதானே. பஸ் ஏறதுக்கு முந்தி கூடைய எறக்கி வச்சு, ரெண்டு கை மண்ணு அள்ளித் தூவுவியே. நான் ஒம்பக்கத்துலதான் நிப்பேன். மறந்தாச்சா?"

அவன் சொன்னது உண்மை. வள்ளத்துக்கு மீன் படாத நாட்களில் அவளும் ஐஸ் வண்டியில் வாங்கி, மணல் தூவி, அன்று பிடித்ததாக, "பச்ச மீனு" என்று கூவி விற்றிருக்கிறாள். கூட வந்த பெண்களும் செய்தார்கள். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. மீனைக் கொஞ்சம் ஒப்பேற்றுவது, அவ்வளவுதான். தன் குற்றத்தை எடுத்துக் காட்டினால் மனிதர்களுக்குக் கோபம் தணியும் என்பார்கள். அவளுக்குத் தணியவில்லை. மகன் மேல் இருந்தது தன் மேலும் சேர்ந்து இரட்டித்தது.

அதற்குள் கரையில் வடசேரிக்காரர்களின் வண்டி வந்து நின்றது. பொன்னுலிங்கம், வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். அன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். மனைவி சண்முகவடிவு, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று கூட்டமாக இறங்கித் தண்ணீரைக் கண்டதும் கூச்சலிட்டுக்கொண்டு கற்களில் போய் உட்கார்ந்தார்கள். வியாகுலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உள்ள இருக்கது ஐஸ் மீனு. புடிச்சு நாளாச்சு. எம்மவன் ஒங்ககிட்ட பச்ச மீனுன்னு சொன்னது பொய்."

பொன்னுலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. "கெட்டுப் போச்சா?"

"கெடல்ல."

"பின்ன என்னம்மா? பொரிச்சுக் கொண்டாங்க. வீட்டுலயும் ஐஸ் மீனுதானே திங்கோம். எங்களுக்கு என்ன வித்தியாசமா தெரியப் போவுது?"

வசவுக்கு அவள் தயாராக வந்திருந்தாள். வைதிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை வருடம் மணலைப் போட்டு மறைத்ததை ஒன்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு நிற்கிறாள். அந்த மனிதரோ அதை இலையோரக் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கித் தள்ளிவிட்டார். அவளுடைய பொய்க்கும் விலை இல்லை, மெய்க்கும் விலை இல்லை.

"பொரிக்க மாட்டேன்," என்றாள்.

"என்னது?"

"மரச்சீனி இருக்கு, சம்மந்தி இருக்கு. மீனு தர மாட்டேன்."

பொன்னுலிங்கம் கல்லிலிருந்து எழுந்தார். "இது நல்ல கதையா இருக்கே! போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான வந்திருக்கோம்? மீனையும் உள்ள வச்சுக்கிட்டு, கேக்கவனுக்குத் தரமாட்டேன்னா என்னம்மா நியாயம் இது?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது.

"ஏசுங்க. ஏசக்கூடிய காரியந்தான் நடந்திருக்கு. ஆனா அது எங்கையால இலைக்கு வராது."

"எல்லாரும் எந்திரிங்க, போவோம்."

ஒருவரும் எழவில்லை. பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே இடுப்புவரை நனைந்திருந்தார்கள். சண்முகவடிவு கண்ணைப் பாதி மூடி, ஓடும் தண்ணீரில் இரண்டு காலையும் நீட்டியிருந்தாள்.

"நீங்க வேணும்னா போயி கார்ல இருங்க. எனக்கு இப்பந்தான் காலு வலி கொஞ்சம் அடங்கியிருக்கு. ஏம்மா, இருக்கதக் கொண்டாங்க."

பொன்னுலிங்கம் காருக்குப் போகவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இரண்டு தடவை மரச்சீனி வாங்கிச் சாப்பிட்டார். "நெய்மீன் இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று அவளுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை சொல்லவும் செய்தார். கிளம்பும்போது மகள், தண்ணீருக்குள் தெரிந்த எல்லோருடைய கால்களையும் படம் எடுத்துக்கொண்டாள்.

கார் மறைந்ததும் பெனின் சிரித்தான். "பாத்தியா? பொய் சொன்னாலும் ஒண்ணுதான், உள்ளதச் சொன்னாலும் ஒண்ணுதான். அவியளுக்கு வெள்ளத்துல காலு நனையணும், அவ்வளவுதான். நீதான் கெடந்து துள்ளுக."

"அவியளுக்காவா சொன்னேன்?" அவள் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு மீனைக் கீறத் தொடங்கினாள், உப்பிட்டுக் கருவாடாக்க. "மறந்தாச்சான்னு கேட்டியே. மறக்கல்ல. நான் மண்ணு போட்டேன். அன்னைக்கு ஒருத்தியாவது எங்கையப் புடிச்சு, என்னட்டி செய்யியன்னு கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல்ல. இப்பம் ஒன்ன நான் கேக்கேன்."

கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாளா என்பது வேறு விஷயம். அந்த நாட்களில், கேட்டவள் வாயிலேயே அந்த மண்ணை அள்ளிப் போட்டிருக்கவும் கூடும். ஆனால் சொன்ன நேரத்தில் அவள் அதை முழுமையாக நம்பினாள்.

"கேட்டாச்சுல்லா? விடு."

"இஸ்ரவேலு என்ன சொல்லிலே தந்தான்?"

"ஐஸ் மீனுன்னு."

"எத்தன நாளுன்னு சொன்னானா?"

"நாலு நாளுன்னான்."

"அப்பம் ஐஸ் வண்டிக்காரன் யோக்கியன்." கீறுவதை நிறுத்தாமலே சொன்னாள். "கடக்கரையில பொறந்த நீயும் நானுந்தான் கள்ளம்மாரு. போயி உப்பு எடுத்துட்டு வா."

அவன் உப்பு எடுக்கப் போன இடத்தில் போன் அடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு பேர். பெனின் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை, ஆனால் மீன் அறுபடும் சத்தம் நின்றிருந்தது.

"ஞாயித்துக்கெழம மீனு கெடையாது சார்," என்றான். "ஆமா, மீன் கடதான்... வள்ளம் போவாது சார் அன்னைக்கு... மரச்சீனி உண்டு... ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்தான். "வச்சுட்டான்."

"வைக்கட்டும்," என்றாள் வியாகுலம்மாள். கடலில் போகிறவனுக்கு ஓய்வுநாள் தராத டவுன்காரர்கள் மேலிருந்த கோபமும் அவளுக்கு இன்னும் பாக்கி இருந்தது.