கண்ணாடியின் பின்பக்கம்

1991-ல் மண்ணூரில் என் பக்கத்து வீட்டில் ஒரு ஃபிட்டர் குடியிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால், புருவமெல்லாம் மரத்தூளாகக் கொட்டகையில் மரவேலை செய்துகொண்டிருப்பார். ஒருமுறை, இரண்டு மரக்கால்களுக்கு நடுவே சுழலும் ஆளுயரக் கண்ணாடி செய்தார். வேலை முடிந்த பிறகும் அதன் பின்பக்கப் பலகையையே உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பின்பக்கத்த யாரு பாக்கப்போறாங்க?” என்றேன்.

“என் வூட்டுக்காரிதான் சார். ஸ்டவ் வெடிச்சு மூஞ்சி வெந்ததுலருந்து அவ கண்ணாடியே பாக்கறதில்ல. இப்போதிக்கு இந்தப் பக்கத்தப் பாத்துகினு இருக்கட்டும். தோணுச்சுன்னா அவளே திருப்பிக்குவா.”

விரலால் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

அடுத்த வருஷம் வீட்டைக் காலி செய்தபோது சொல்லிக்கொள்ளப் போனேன். கண்ணாடி அப்போதும் பலகையைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. அவர் அது சுழலும் திருகுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.