மலைக்கு அடியில் ஒரு மூக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். மராத்தி பேசுகிற விஷ்ராந்த்வாடியில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் பழைய நாணயப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறானால் ஜூனா பஜார் என்கிற பழைய சாமான் சந்தை. அங்கே ஒரு வெள்ளிக்காசு அகப்பட்டது, கட்டைவிரல் நகம் அளவு. அதில் வளைவு வளைவாக அடுக்கின ஒரு மலை. சாதவாகன ராஜா ஒருவர், தான் ஜெயித்த ராஜாவின் காசுகளை உருக்காமல் அதன் மேலேயே தன் மலை முத்திரையை அடித்துவிட்டாராம். அடியில் தோற்றவர் முகம் நசுங்கிக் கிடக்கும் என்பார் இவர்.

நாணயம் சேர்க்கிறவர்கள் சங்கத்தில் கண்காட்சி வைத்தார்கள். முதன்முதலாக இவருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கினார்கள். அட்டையில் "அடியில் ராஜா முகம்" என்று எழுதிக் கொடுத்தார். சங்கத்துப் பெரியவர் நல்லவர்தான், ஆனால் கறார். "சேஹரா தாகவா, அண்ணா!" என்றுவிட்டார். முகத்தைக் காட்டினால்தான் பெட்டி.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை. பால்கனி வெயில் சாய்வாக மேஜையில் விழுந்தது. இவர் ஒரு பக்கம் லென்ஸும் கையுமாக. எதிர்ப்பக்கம் நான், கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டு.

"ஒரு மண்ணும் தெரியல" என்று லென்ஸை வைத்தார். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குட்டி சிரிக்கே? மனுசன் மானம் போவுது, உனக்குப் பல்லு தெரியுதா?"

"இல்ல... உங்க அக்கா மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கு."

"எங்க அக்காவ எதுக்கு இழுக்கே!"

"நா எங்க இழுத்தேன்? அதுவால்லா நீட்டிக்கிட்டு நிக்கி. மலைக்கு வலப்பக்கம் பாருங்க."

பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லியேட்டி."

"எனக்கு வலதுங்க. உங்களுக்கு இடது."

அப்போதுதான் உறைத்தது. இவர் மலையை நிமிர்த்தியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி படத்தைத் தலைகீழாகப் பிடிப்போமா, அந்த மாதிரி ஒரு மரியாதை. காசு அடித்தவனுக்கு அந்தக் கவலை ஏது? பழைய காசு எப்படி விழுந்ததோ அப்படியே வைத்து ஒரே போடு போட்டிருக்கிறான். மலை நிமிர்ந்தால் முகம் தலைகீழ்; எதிரே இருந்த எனக்குத்தான் அது நேராகத் தெரிந்தது.

எழுந்து ஓடிவந்து என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மூக்கு, அதன் கீழே உதடு, மலை பாதி விழுங்கின ஒரு கண். நாணயப் புத்தகத்தில் தோற்ற ராஜாவின் காசுப் படத்தை எடுத்து வைத்தார். மூக்கின் வளைவு ஒத்தது. விளிம்பில் தப்பிக் கிடந்த அந்நிய எழுத்தும் ஒத்தது. காசைத் திருப்பினார். ஜெயித்தவர் அடித்த நாலு வட்ட முத்திரைக்கு அடியில், தோற்றவர் காசில் இருக்கிற அம்பின் நுனி.

"அதே ஆளுதாம்ட்டி!" என்று என் கையைப் பிடித்துச் சுற்றோ சுற்று என்று சுற்றினார். முழங்கால் வலியாவது, ஒன்றாவது! கொத்தவரங்காய் தரையெல்லாம். கீழ்வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, "காய் ஜாலே, வஹினி?" என்றாள். என்ன ஆச்சு அண்ணி என்று கேள்வி. காசைக் காட்டிக் காட்டிச் சிரித்தேன். அவளும் விஷயம் தெரியாமலே சிரித்தாள்.

மறுநாள் கண்காட்சிக் கதவு திறக்குமுன் பெரியவர் வந்தார். பெட்டிக்குள்ளும் மலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தார் இவர். கவிழ்க்க மனசு வரவில்லை. ஆகவே பெரியவர்தான் கவிழவேண்டியதாயிற்று. கழுத்தைச் சாய்த்தார், இடுப்பை வளைத்தார், தொப்பி விழுந்து உருண்டது. "நாக் குடே ஆஹே?" மூக்கு எங்கே என்கிறார். இவர் பதற்றத்தில் சட்டைப்பையில் லென்ஸைத் தேடுகிறார். பெட்டி கைவிட்டுப் போகப்போகிறது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

"இதே! இதே நாக் ஆஹே, பகா!" இங்கேதான் மூக்கு இருக்கிறது, பாருங்கள் என்று விரலை வைத்துக் கத்திவிட்டேன். மண்டபமே திரும்பியது.

"அரே, ஆஹே! ஆஹே!" என்று தலைகீழாகவே கூவினார் பெரியவர். பெட்டி எங்களுடையது. அன்று முழுக்க அதன் முன்னால் பெரிய பெரிய மனுஷரெல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் மூக்கைக் காட்டினேன்.

அந்த எழுத்து கிரேக்கம் என்றுதான் இவர் சொன்ன ஞாபகம். அம்பு மறுபக்கத்தில்தானா, மலையில் எத்தனை வளைவு, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. காசு பற்றித் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.