சூடம் அணைத்த கை

கிரேக்க தேசத்துப் பழைய நாடகக்காரர்கள் கறாரான ஆட்கள். மேடையில் விழுகிறவன் உயரத்திலிருந்து விழ வேண்டும்; அதுவும் தன் வாயாலும் கையாலும் வினையைத் தேடிக்கொண்டு விழ வேண்டும். அரசனுக்குக் கீழே இருப்பவன் விழுந்தால் அவர்களுக்கு அது தடுக்கி விழுந்த கணக்குதான். பின்னால் வந்த நாவல்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள். குமாஸ்தாவும் விழலாம், கூலிக்காரனும் விழலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சின்னசேலம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில், ஆறு ஏக்கர் மக்காச்சோளமும் கோவிலில் முதல் பரிவட்டமும் வைத்திருந்த ராஜாங்கம் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர். அவர் விழத்தான் பார்த்தார். ஊர் விடவில்லை.

ஒரு விடியலில், அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிப் போன பொன்னுரங்கம் சோளக்காட்டு வரப்பில் செத்துக் கிடந்தார். காட்டுப்பன்றிக்கு வைத்த கரண்டு கம்பி. ஜனங்கள் வருவதற்குள் கம்பியை யாரோ சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பச்சைத் துணி சுற்றிய ஒரு மூங்கில் குச்சி மட்டும் நின்றது. அந்த இடத்தைச் சுற்றி நாலு பேர் காடு. ராஜாங்கத்தின் காடும் அதில் ஒன்று.

சாயங்காலம் மாரியம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. பொன்னுரங்கத்தின் மனைவி கமலா அழுது தீர்ந்து, யாரையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ராஜாங்கம் தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

“எவன் கம்பி வச்சானோ அவனுக்கு இந்த ஊர்ல நெருப்பு கிடையாது, தண்ணி கிடையாது. நானே கழுத்தப் புடிச்சி ஸ்டேஷன்ல தள்ளுவேன். அது எம் புள்ளையா இருந்தாலும் சரி!”

பிள்ளை பெங்களூரில் இருந்தான். அந்தப் பக்கம் பயமில்லை.

மறுநாள் குச்சியைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார். டீக்கடையில், “இன்னா பெரியவரே, சிஐடி வேலைக்குப் பூட்டீங்களா?” என்றார்கள். அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மத்தியானம் சாப்பிட வந்தபோது, மனைவி ராஜாம்பாள் குச்சியைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இத்தோட வுட்டுடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“வுடுங்கன்னா வுடுங்க. போனவரு திரும்பி வரப்போறாரா?”

“சூடம் அணைச்சிட்டு வந்திருக்கேன்டி. கை வெந்துகினு கீது, பாரு.”

“கையி வெந்தா ஆறிடும். அந்தத் துணி என்னோட பழைய தீவாளிப் பொடவை. பன்னிக்கு பயங்காட்டக் கட்டுன்னு சின்னதுரைகிட்ட நாந்தான் குடுத்தேன்.”

சின்னதுரை அவருடைய காட்டைப் பார்த்துக்கொள்பவன். அவருடைய கொல்லையிலேயே குடிசை. ராஜாங்கம் போய் நின்றதும் அவன் எதையும் மறைக்கவில்லை.

“பொடவைக்குப் பன்னி பயப்படலீங்க. அதான் கம்பி இழுத்தேன். நீங்கதான சொன்னீங்க?”

“நானா? கரண்டு வையின்னா சொன்னேன்?”

“‘ஒரு பன்னி உள்ள வரக் கூடாது. எப்பிடின்னு எங்கிட்ட சொல்லாத’ன்னீங்க. அதான் சொல்லல.”

நம்ம பக்கத்தில் நிலக்காரர்கள் வேலை ஏவுகிற முறை இது. காரியம் நடக்க வேண்டும். நடந்த விதம் காதில் விழக் கூடாது. ராஜாங்கத்தின் அப்பாவும் அப்படித்தான் ஏவினார். காது சுத்தமாக இருந்தால் கையும் சுத்தம் என்பது ஐதீகம்.

ராஜாங்கம் கோவில் முன்னால் போய் நின்று, “நான்தான்” என்றார். முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் இரக்கப்பட்டார்கள்.

“துக்கத்துல பேசறாரு. ஒரு வாய் சாப்புடல, பாவம்.”

“கும்பாபிஷேகம் வருது. இவுரு உள்ள பூட்டா முன்னால நிக்கறது யாரு? இவுரு காட்டப் பாத்துக்கறவன் சின்னதுரைதான, அவன இஸ்துகினு போங்கடா.”

அவர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் சின்னதுரையைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவன் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: “நான்தான் வச்சேன். ஐயாவுக்கு ஒன்னும் தெரியாதுங்க.” குடிசை யார் மண்ணில் நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

“சார், காடு என்னுது. சொன்ன வாயும் என்னுது. என்னைப் புடிங்க!”

“பெருசு, ஆளு கெடைச்சாச்சு. சொன்னவனயெல்லாம் புடிச்சா ஸ்டேஷன்ல எடம் பத்தாது. வூட்டுக்குப் போய் படுங்க.”

சின்னதுரையின் மனைவி செந்தமிழ்ச்செல்வி ஸ்டேஷன் வாசலில் தரையில் கிடந்தாள். ராஜாங்கம் அவளைத் தூக்கப் போனார். அவள் பதறி எழுந்து, வழக்கம்போல அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை ஜாஸ்தி போட்டு டீ நீட்டினார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு சொம்பு வந்தது. அவர் எதையும் தொடவில்லை. கொளுத்தும் வெயிலில், நாக்கு ஒட்டிக்கொள்ள, கமலா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தண்ணி குடும்மா.”

கமலா சொம்போடு வந்தாள். கொப்பளித்திருந்த அவர் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“நீங்களா?”

“நான்தாம்மா.”

அவள் சொம்பைத் தரையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜாங்கம் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஐயோ, பெரியவரு மயங்கிட்டாரு!” என்று யாரோ கத்த, தெருக்கோடியிலிருந்து மூன்று பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.