தனி ஆவர்த்தனத்தில் எண்ணிய தலைகள்

வைதேகி மாமியின் சங்கீதத்தைக் கெடுத்தவன் நான். எனக்குப் பாடத் தெரியாது. ஒரு ஸ்வரம்கூடச் சுத்தமாக வராது. ஒரே ஒரு பட்டை வரைபடத்தை வைத்துக்கொண்டு கெடுத்தேன்! இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நந்தனத்தில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் எனக்கு வேலை. எந்த ஊரில் எந்த சோப்பு போகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வண்ணப் படமாக்கி, முதலாளிகளுக்குக் காட்டவேண்டும். வெறும் எண்ணைக் காட்டினால் தூங்கிவிடுவார்கள், படத்துக்குள் ஒரு கதை இருக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது நன்றாகவே வந்தது. தலைக்கனமும் கூடவே வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சபா. ராமநாதன் மாமா அதன் காரியதரிசி. மார்கழிக் கச்சேரிகளில் மதியம் பாடுகிறவர்களில் ஒருவரை அடுத்த வருடம் மாலை வேளைக்கு உயர்த்துவார்கள். யாரை உயர்த்துவது என்று கமிட்டியில் வருடா வருடம் அமளி. சிபாரிசு, உறவு, கோபதாபம்!

"இந்தத் தடவை நீ வந்து தலையை எண்ணிடுப்பா. யாருக்குக் கூட்டம் வரதுன்னு தெரிஞ்சுட்டா எல்லாரும் வாயை மூடிண்டு ஒத்துப்பா" என்றார் மாமா.

நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைதேகி மாமி மந்தைவெளியில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சபாவில் பல வருடங்களாக அவருக்கு மதிய வேளைதான். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இந்த முறை மாலை வேளை கிடைக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. அது அவருக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.

ஒவ்வொரு கச்சேரியிலும் பிரதான பாட்டு நடக்கும்போது எண்ணுவது என்று எனக்கு நானே விதி வகுத்திருந்தேன். வைதேகி மாமி பாடிய அன்று கேண்டீனில் நண்பனோடு அரட்டை அடித்து நேரத்தைக் கோட்டை விட்டேன். ஓடிவந்து கதவைத் திறந்தால் பாட்டு முடிந்து, மிருதங்கக்காரர் தனி வாசிக்கத் தொடங்கியிருந்தார். தனி ஆவர்த்தனம் என்றால் எங்கள் ஊர் ரசிகர்களுக்குக் காபி வேளை! பாதி அரங்கம் என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே மிச்சம் இருந்தவர்களை எண்ணிக் குறித்துக்கொண்டேன். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான்... சத்தியமாக!

சரிசெய்தேனா? இல்லை. படம் வரைய உட்கார்ந்தபோது மற்ற பட்டைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. மாமியுடையது மட்டும் குட்டை. அதில்தானே கதை இருந்தது! அதற்குச் சிவப்பு கொடுத்தேன். மேலே 'ரசிகர்கள் விலகுகிறார்கள்' என்று தலைப்பும் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது... எனக்கு அழிக்க மனம் வரவில்லை.

புரொஜெக்டர் வழியாகச் சுவரில் படம் விழுந்ததும் கமிட்டி வாயடைத்துப்போயிற்று. ராமநாதன் மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அன்னிக்கு முழுக்க உக்காந்துண்டு இருந்தேனே... ஹால் ரொம்பின்னா இருந்தது?"

என்னைப் பார்த்தார். 'மாமா, நான் தனியில் எண்ணிவிட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் புரொஜெக்டரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"சரி விடு, எனக்குத்தான் வயசாயிடுத்து" என்று அவரே தன்னைத் திருத்திக்கொண்டார். மாலை வேளை இன்னொருவருக்குப் போயிற்று.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சில நாள் கழித்து வைதேகி மாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நடுங்கினேன். சண்டை போட்டிருக்கக் கூடாதா!

"நீதானேப்பா எண்ணினே? எந்த இடத்துல எழுந்து போனா? சொன்னேன்னா நான் சரி பண்ணிக்கறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ராகம் கொஞ்சம் நீளமாப் போச்சு மாமி. அங்கதான் எழுந்துண்டா."

அவர் முகம் வெளிறிவிட்டது. "அப்படியா... அதைத்தான் நன்னாப் பாடறேன்னு நினைச்சுண்டு இருந்தேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி!

வார்த்தையே இல்லாமல் ராகத்தை விரித்துக்கொண்டே போவாரே, அதைக் கேட்பதற்கென்றே அடையாறிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மார்கழியிலும் மாமிக்கு மதிய வேளை. போய் உட்கார்ந்தேன். ராகம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாமியின் கண் கதவுப் பக்கம் போயிற்று. சட்டென்று முடித்துவிட்டார். வயலின்காரர் திகைத்துத் திரும்பினார். யாரும் எழுந்திருக்கவில்லை... ஒருவர்கூட!

"இன்னும் கொஞ்சம் பாடப்படாதோ?" என்று எனக்கு முன்னால் இருந்த பெண்மணி முணுமுணுத்தார். மறு வருடம் அவரைக் காணவில்லை. அவரைப்போல் இன்னும் பலரைக் காணவில்லை.

அந்த வருடம் நான் விதிப்படி, பிரதான பாட்டு நடக்கும்போதே எண்ணினேன். முதலில் நம்பமுடியாமல் மறுபடியும் எண்ணினேன். அன்று தனி ஆவர்த்தனத்தில் எண்ணினேனே, அதைவிடக் குறைவாகத்தான் இருந்தார்கள். மேடையில் மாமி கதவைப் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.