கணவாய்க்கு எத்தனை இதயம்

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவரை நான் கலியாணம் செய்ததை அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. என் கணவருடன் ஒரு சொல் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். விநோதத் தகவல்கள் என்றால் அவருக்கு உயிர். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு என்ன நிறம், தேன் ஏன் பழுதாவதில்லை என்று பேப்பரிலும் நூலகத்திலும் கண்டதையெல்லாம் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தார். சின்ன வயதில் எனக்கு அதெல்லாம் அலுப்பு. கலியாணமான புதிதில், அப்பாவைப் பற்றிக் கேட்டபோது, என் கணவரிடம் அதையும் சொல்லியிருந்தேன்.

அம்மாவின் பிடிவாதத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் அப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். அப்பா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். என் கணவர் அம்மாவைப் பார்த்து, "மாமி, கணவாய்க்கு ரெண்டு இதயம் இருக்குதாம்" என்றார்.

அப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"மூண்டு" என்றார்.

அப்பா சோற்றைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்: "ரெண்டு, செவுளுக்கு ரத்தத்தைத் தள்ளுறது. மற்றது உடம்புக்கு. ரத்தமும் சிவப்பில்லை, நீலம்."

என் கணவர், தான் எங்கோ பிழையாகக் கேட்டிருக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். அன்று பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். மூன்று என்று அவருக்கு முன்பே தெரியும்.

"பிழையாச் சொன்னால் அவரால பொறுக்கேலாதெண்டு நீர்தானே சொன்னீர்" என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பாவிடம் நான் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிறுகளில் ஏதாவது ஒரு பிழை மேசைக்கு வரும். பேக்கரியில் சுடும் பாணை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது இங்கிலீஷ்காரர் என்பார் இவர். போர்த்துக்கீசர் என்பார் அப்பா. பாண் மட்டுமல்ல, கதிரை, அலுமாரி, சப்பாத்து எல்லாமே அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்று விளக்குவார். மிளகாய் கப்பலில் வந்திறங்கும்வரை நம்முடைய கறிக்கு உறைப்புத் தந்தது மிளகுதான் என்பார். ஆனால் எல்லாவற்றையும் அம்மாவைப் பார்த்தே சொல்வார்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலை இவருக்கு. ஒருநாள் சாதிக்காய் மூட்டைகள் ஏறியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாதிக்காய் விளையும் ஒரு சின்னத் தீவுக்காக, இன்று நியூயோர்க் இருக்கிற இடத்தை ஒல்லாந்தர் ஒருகாலத்தில் இங்கிலீஷ்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றார். அது பிழையில்லை. கதையோடு கதையாக வந்துவிட்டது.

அப்பா நிமிர்ந்து முதன்முறையாக அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"இது எங்க வாசிச்சனீர்?"

ஒரு கப்பல்காரர் தந்த பழைய புத்தகத்தில் என்றார் இவர். அப்பா கையைக் கழுவிவிட்டுக் கொப்பியோடு திரும்பி வந்தார். கதிரையை இவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஆறுதலா, மெல்லச் சொல்லும். எழுதவேணும்."

அம்மா குசினிக்குள் போய் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஏழு மாதமாக இருந்தபோது, ஒரு பின்னேரம் அப்பா தனியாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து தேத்தண்ணீர் ஊற்றினேன். களைப்பா, கால் வீங்குகிறதா என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எத்தினை மணிக்கு வருவார்?" என்றார். "ஒரு விசயம் கேக்கவேணும்."

இவர் வந்ததும், சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் அப்பா தன் கேள்வியைத் தொடங்கினார். இருவரும் கதைத்தபடி துறைமுகப் பக்கம் கப்பல் பார்க்கப் புறப்பட்டார்கள். நான் வாசலில் நின்று, அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.